நிலவறையில் பச்சைத் தண்ணீர்

மழை வந்தால் ஊரில் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நெவில் கிராப்ட்ரீ மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார். தண்ணீர் எந்தத் தெருவில் எந்தப் பக்கமாக ஓடுகிறது, எந்தச் சாக்கடை மூடி மூச்சுத் திணறுகிறது, எங்கே குட்டையாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். அதுதான் அவர் பிழைப்பு. புதிதாக வீடுகள் கட்டுகிறவர்களுக்கு, அந்த வீடுகளின் கூரையிலும் பாதையிலும் விழப்போகிற மழையை என்ன செய்வது என்று திட்டம் போட்டுக் கொடுப்பார். முன்பு மாதிரி ஒரு குழாயைப் போட்டு ஆற்றில் தள்ளிவிட்டு நடையைக் கட்ட முடியாது. வெறும் புல்வெளியாகக் கிடந்தபோது அந்த நிலம் எவ்வளவு நிதானமாகத் தண்ணீரை விட்டதோ, வீடுகள் வந்த பிறகும் அதே நிதானத்தில்தான் விடவேண்டும். இல்லையென்றால் கவுன்சில் அனுமதி தராது.

யார்க்‌ஷரில் இந்த வித்தையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது நெவிலின் அபிப்பிராயம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்படி பார்த்துக்கொள்வார்.

ரேவன்கில் கிராமத்துக்கு மேலே சரிவில் ஒரு பெரிய புல்வெளி. அதில் வீடுகள் கட்ட பிராட்ஃபர்டிலிருந்து பல்ஜீத் சஹோட்டா அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டியவர், அப்பா ஆரம்பித்த கட்டட வேலையை இரண்டு மடங்காக்கியவர். யாரானாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும். முதல் சந்திப்பிலேயே, "கீழ் மூலையில ஒரு குளம் வெட்டிடலாமா கண்ணு? மழைத்தண்ணி அதுல நின்னு மெதுவாப் போகட்டும். பார்க்கவும் நல்லா இருக்கும்" என்று கேட்டார்.

நெவில் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் அவருக்குக் காது சிவக்கிறது.

"மண்ணைப் படிக்கத் தெரியாதவங்கதான் பல்ஜீத் குளம் வெட்டுவாங்க. மண்ணே குடிச்சிடும்னா குளம் எதுக்கு? ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு உறிஞ்சு குழி. அவ்வளவுதான். சோதனை பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

சோதனை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஒரு குழி வெட்டுவது, தண்ணீரை நிரப்புவது, மண் அதை எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று பார்ப்பது. மூன்று தடவை நிரப்ப வேண்டும். ஏப்ரல் மாதத்தில், வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்த ஒரு காலையில் பொக்லைன் வந்து குழி தோண்டியது. டிராக்டர் இழுத்து வந்த தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நெவில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மடக்கு நாற்காலி, சாண்ட்விச், பிளாஸ்கில் டீ என்று பொழுதைக் கழிக்க எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

நாற்காலியைப் பிரித்துப் போடுவதற்குள் குழி காலி.

நெவிலுக்குத் தன் கண்ணை நம்ப முடியவில்லை. அந்தப் பக்கத்துக் களிமண் தண்ணீரைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிற ஜாதி. இங்கேயோ சல்லடையில் ஊற்றியது போல இறங்கிவிட்டது. இந்த இடத்தில் ஒழுங்கான இன்ஜினியர் எவனாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். நெவில் பெருமைப்பட்டார். பொக்லைன்காரரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். பல்ஜீத்துக்குப் போன் போட்டு, "பஞ்சு! சுத்தமான பஞ்சு! நான் சொல்லல?" என்றார். அடுத்த இன்ஜினியர்கள் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தலைப்புக்கூட மனதில் உதித்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவதுவரை போய்விட்டார்.

சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது போன் அடித்தது. லொரேன்.

லொரேன் அவருடைய முன்னாள் மனைவி. புல்வெளிக்கு நேர் கீழே, சரிவு முடிகிற இடத்தில் இருக்கும் 'நொண்டி வாத்து' பப் அவளுடையது. கல்யாணமாகி இருந்த காலமெல்லாம் நெவிலும் அதன் மாடியில்தான் குடியிருந்தார். அந்தப் பப்பின் நிலவறையில் பீர்ப் பீப்பாய்கள் இருக்கும். குளிர்காலம் வந்தால் தண்ணீரும் இருக்கும். வருஷா வருஷம் வரும். கூரை ஓரத்துக் காவாய் ஒழுகுகிறது, அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிக் கீழே வருகிறது என்பது நெவிலின் தீர்ப்பு. காவாயை மாற்றினார்கள். தண்ணீர் வந்தது. மறுபடி மாற்றினார்கள். மறுபடி வந்தது. "தரைக்குள்ளேருந்து வருது நெவில்" என்று லொரேன் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "லொரேன், இதுக்குப் படிச்சது யாரு, நீயா நானா?" என்பார் நெவில். அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் பல. ஆனால் யாராவது லொரேனைக் கேட்டால் முதலில் நிலவறையிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

"நெவில், கீழ தண்ணி."

"மழையே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன். மழை இல்ல, தண்ணி இருக்கு. ஊர்ல இருக்கிறவன் கூரையெல்லாம் பார்க்கிறியே, வந்து இதைப் பாரு."

நெவில் ரப்பர் பூட்ஸோடு இறங்கிப் போனார். நிலவறையில் கணுக்கால் மட்டுக்குத் தண்ணீர். காலி பீப்பாய் ஒன்று மெல்ல மிதந்து வந்து அவர் முழங்காலில் முட்டியது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"கூரைக் காவாய்."

லொரேன் படிக்கட்டில் நின்றபடி அவரையே பார்த்தாள். "வெளியே வெயில் அடிக்குது."

"போன வாரம் பெய்ஞ்சுதில்ல? பழைய கல் சுவரு. தண்ணிய உள்ள வச்சிருந்து மெதுவா விடும். இதெல்லாம் பார்த்தாத் தெரியாது, அனுபவம் வேணும்."

"உன் அனுபவத்துக்கு என் பீர் ரெண்டு பீப்பாய் போச்சு."

"காவாயை மாத்து."

"காவாயை மாத்தியாச்சு, புருஷனையும் மாத்தியாச்சு. தண்ணி மட்டும் மாறல."

மறுநாள் நெவில் குழியை இரண்டாம் தடவை நிரப்பினார். முதல் நாளைவிட வேகமாகக் காலியானது. டீயைக்கூட ஊற்றவில்லை, போன் அடித்தது.

"நீ மேல வயல்ல என்ன பண்ற?" என்றாள் லொரேன்.

"சோதனை."

"தண்ணி விட்டியா?"

"கொஞ்சம் விட்டேன்."

"நேத்தும் விட்டியா?"

இந்த இடத்தில் நெவில் வாயை மூடிக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதில், மண்ணின் வழியே தண்ணீர் அவ்வளவு தூரம் போக மாதக்கணக்காகும் என்று விளக்கினார். நீர்மட்டம், மண் துகள், பாறை அடுக்கு எல்லாம் சொன்னார். லொரேன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பயமா இருக்கா?" என்றாள்.

"எதுக்குப் பயம்? நாளைக்கு மூணாவது தடவை நிரப்பணும். தண்ணியில பச்சைச் சாயம் கலந்து விடறேன். நீ உன் நிலவறையில உட்கார்ந்து பாரு. பச்சை வந்தா நான் பேர மாத்திக்கறேன்."

அதோடு விட்டிருந்தால் விஷயம் இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும். லொரேன் அதைப் பப்பில் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் 'நொண்டி வாத்தின்' வாடிக்கையாளர்கள் பாதிப்பேர், கையில் கோப்பையோடு, நிலவறைப் படிக்கட்டில் கால்பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்தது போல வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில் கத்பர்ட். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஊரில் எது நடந்தாலும் முதல் இடம் பிடித்துவிடுவார். நெவில் மேலே போய்ச் சாயத்தைக் கலந்து திறந்துவிட்டு, பொக்லைன்காரரைக் குழிக்குக் காவல் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கி வந்தார். முகத்தில் வழக்கமான புன்னகை.

"இன்னும் வரலியே?" என்றார்.

"இருய்யா, இப்பத்தான உட்கார்ந்திருக்கோம்" என்றார் கத்பர்ட்.

நெவில் அவர்களுக்கு ஒரு சிறு விரிவுரை ஆற்றத் தொடங்கினார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, களிமண்ணின் குணாதிசயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் இருந்தவர்களின் கண்கள் மெல்ல அவர் முகத்தைவிட்டு இறங்கி அவர் காலுக்குப் போனதைக் கவனித்தார். பேச்சு அவ்வளவு சுவாரஸ்யமாக இருப்பதால் தலை குனிந்து கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

"நெவில், உன் பூட்ஸ்" என்றாள் லொரேன்.

சுவரின் அடிக்கல் இடுக்கிலிருந்து, புல்லை அரைத்துப் பிழிந்த மாதிரி ஒரு பச்சை, அடக்கமாகக் கசிந்து வந்து அவருடைய இரண்டு பூட்ஸையும் சுற்றிப் பரவிக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்த கூச்சலை மேலே குழிக்குப் பக்கத்தில் நின்ற பொக்லைன்காரர் கேட்டதாகச் சொன்னார். கத்பர்ட் எழுந்து நின்று கைதட்டினார். நெவில் மாநாட்டில் எதிர்பார்த்த கைதட்டு அது. கிடைத்த இடம்தான் கொஞ்சம் வேறு.

அன்று சாயங்காலம் அவர் குழிக்குள் தானே இறங்கி, கையால் சேற்றை வழித்துப் பார்த்தார். பக்கச் சுவரில், அழகாக அடுக்கிய இரண்டு கல்லும் மேலே ஒரு பலகைக்கல்லும் தெரிந்தன. அந்தக் காலத்தில் வயலைக் காயவைக்கப் புதைத்த கல் வடிகால். பொக்லைன் அதன் விலாவைக் கிழித்திருந்தது. மண் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவர் ஊற்றிய அத்தனை தண்ணீரும் அந்த வடிகாலில் ஏறி, சரிவில் இறங்கி, முன்னாள் மனைவியின் நிலவறைக்கு நேரே போயிருக்கிறது. கொடுமை என்னவென்றால், நெவில் தன் எல்லா அறிக்கைகளிலும் முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியம் எழுதுவார்: 'இந்த மேட்டு நிலங்களில் பழைய கல் வடிகால்கள் புதைந்திருக்கலாம், சோதனைக் குழி தோண்டும்போது கவனம் தேவை.' பல வருஷமாக எழுதுகிறார். யாரும் அதைப் படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். படிக்காதவர்களில் தானும் ஒருவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேற்றில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்னொன்றும் உறைத்தது. குளிர்காலத்தில் வயல் முழுக்க ஊறும் தண்ணீரும் இதே வழியாகத்தான் போயிருக்கும். அத்தனை வருஷமும் தரைக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது. காவாய்கள் நிரபராதிகள்.

திங்கட்கிழமை பல்ஜீத்தைப் பார்க்கப் பிராட்ஃபர்டுக்குக் காரில் போனார். உறிஞ்சு குழி உதவாது, குளம்தான் வெட்ட வேண்டும், அதற்கு மூன்று வீட்டு இடம் போகும் என்று சொல்ல வேண்டும். எந்தக் கட்டடக்காரரும் சம்மதிக்க மாட்டார். 'முதல் நாள் சோதனையை மட்டும் காட்டு, மத்ததை மறந்துடு' என்று வற்புறுத்துவார். அப்போது தான் எழுந்து நின்று என்ன சொல்லவேண்டும் என்பதை நெவில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். மனசாட்சி வந்தது, கீழே குடியிருக்கும் மக்கள் வந்தார்கள், வருங்காலத் தலைமுறை வந்தது. ஒரு சிக்னலில், பக்கத்துக் காரில் இருந்த பெண் இவர் கையை ஆட்டிப் பேசுவதைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பல்ஜீத் மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்து ஆலு பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெவில் உட்காராமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"சரி, அப்ப குளம் வெட்டிடு" என்றார் பல்ஜீத்.

நெவில் தடுமாறினார். "மூணு வீடு போயிடும்."

"போகட்டும். கீழ இருக்கிறவன் வீட்டுல தண்ணி விட்டுட்டு நான் மேல வீடு விக்க முடியுமா? நான்தான் முதல் நாளே குளம்னு சொன்னேனே. நீதான என்னமோ சொன்ன, மண்ணைப் படிக்கத் தெரியாதவங்கன்னு."

"ஆமா. ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும் பல்ஜீத்." ஒத்திகை பார்த்ததை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. "ஒரு இன்ஜினியருக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. எந்த நிர்ப்பந்தம் வந்தாலும்..."

பல்ஜீத் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "கண்ணு, காலைல சாப்பிட்டியா?"

"இல்ல."

"உட்காரு. ஊறுகா வேணுமா?"

நெவில் உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் புதுத் திட்டம் போட்டார். வீட்டுப் பாதைகளெல்லாம் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும் கற்கள். கல்லுக்கு அடியில் சல்லிப் படுகை. அங்கிருந்து, தெருவோரமாக ஆழமில்லாத புல் வாய்க்கால்கள். அவை சரிவில் வளைந்து வளைந்து வந்து கீழ் மூலைக் குளத்தில் சேரும். குளத்திலிருந்து ஒரு சின்ன மதகு வழியாக, முன்பு வயல் விட்ட அளவே, பக்கத்து ஓடைக்குத் தண்ணீர் போகும். அதையும் மீறி ஊழிக்காலம் போல மழை கொட்டினால், வழிந்த தண்ணீர் வீடுகள் இல்லாத பக்கமாகப் போக ஒரு கலிங்கு. பழைய கல் வடிகாலை மேலேயே வெட்டி மறித்துப் புல் வாய்க்காலில் திருப்பிவிடுவது. வரைந்து முடித்ததும் ஒரு விஷயம் தெரிந்தது: இது பல்ஜீத் முதல் நாள் ஒரே வாக்கியத்தில் சொன்ன திட்டம்தான். நெவில் சேர்த்தது கணக்கும் அம்புக்குறிகளும்.

திட்டத்தை ஊராருக்கு விளக்கச் சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நெவில் உள்ளே நுழைந்தபோதே பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "பச்சை வந்துட்டாருப்பா" என்றது. பேரை மாற்றிக்கொள்வதாக அவர் சொன்னதை ஊர் மறக்கவில்லை, மாற்றியே கொடுத்துவிட்டது.

அவர் திரையில் படங்களைப் போட்டு ஆரம்பித்தார். நூறு வருஷத்தில் ஒரு தடவை வரக்கூடிய மழை, அதற்கு மேல் வருங்காலப் பருவநிலைக்காக இன்னும் கொஞ்சம், என்று கணக்கை எடுத்துவிட்டார். முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், "குளத்துல பிள்ளைங்க விழுந்தா?" என்று கேட்டாள்.

"விழ முடியாது. கரை ரொம்பச் சாய்வா இருக்கும். ஓரத்துல கணுக்கால் அளவுதான் ஆழம்."

"கொசு?"

"தண்ணி ஓடிட்டே இருக்கும். தவளையும் தும்பியும் வரும், அதுங்க பார்த்துக்கும்."

கத்பர்ட் எழுந்தார். "எனக்கு ஒரு சந்தேகம். மேல ஊத்தின தண்ணி கீழ எங்க போகும்னு தெரியாம, பப்புக்குள்ள பச்சையா விட்டது நீங்கதானே? இப்ப அத்தனை வீட்டுத் தண்ணியும் எங்க போகும்னு உங்களுக்குத் தெரியும்னு நாங்க எப்படி நம்பறது?"

கூட்டம் சிரித்தது. நியாயமான கேள்வி. நெவிலுக்கே அதற்குப் பதில் தேவைப்பட்டது. திரையில் இருந்த நீல அம்புக்குறிகளைத் திரும்பிப் பார்த்தார். அவையும் கைவிட்டுவிட்டன.

அப்போது ஓரத்தில் நின்றிருந்த லொரேன் பேசினாள்.

"கத்பர்ட், நீ எத்தனை வருஷமா என் பப்புல குடிக்கிற?"

"அதைக் கேட்காத."

"குளிர்காலத்துல நிலவறையில தண்ணி வருமா வராதா?"

"வரும்."

"எந்த வழியா வருதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? இதோ நிக்கிறாரே, இவருக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. காவாய் காவாய்னு காசைக் கொட்டினேன். இந்தாளு செஞ்ச முட்டாள்தனத்துலதான் அந்தத் தண்ணிக்கு வழி எங்கன்னு தெரிஞ்சுது. அந்த வழிய இப்ப மறிக்கறேன்கிறாரு. வீடு வந்தாலும் வராட்டாலும் எனக்கு அந்த வாய்க்கால் வேணும். குளமும் வேணும். ஒரு தடவை இவ்வளவு கேவலமாத் தப்புப் பண்ணினவரு ரெண்டாம் தடவை கணக்கை நாலு வாட்டி பார்ப்பாரு."

"ஆறு வாட்டி பார்த்தேன்" என்றார் நெவில்.

"பேசாத நெவில். நல்லாப் போய்ட்டிருக்கு."

அதற்குப் பிறகு கூட்டம் ஒருவாறு உட்கார்ந்து கேட்டது. திட்டத்தில் இரண்டு மாற்றம் கேட்டார்கள்: குளத்தைச் சுற்றி நடக்க ஒரு பாதை, கலிங்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேடு. இரண்டும் நல்ல யோசனை. இரண்டும் தனக்குத் தோன்றவில்லையே என்று நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் லொரேனைப் பிடித்தார்.

"நன்றி."

"உனக்காகப் பேசல. என் பீப்பாய்க்காகப் பேசினேன்."

"லொரேன்." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அந்த வாக்கியம் வெளியே வர, களிமண்ணில் தண்ணீர் இறங்குகிற நேரம் பிடித்தது. "நீ சொன்னதுதான் சரி. தரைக்குள்ளேருந்துதான் வந்துது."

லொரேன் அசையாமல் நின்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

"தரைக்குள்ளேருந்துதான்..."

"இரு. கத்பர்ட்! இங்க வா. சாட்சிக்கு ஆள் வேணும்."

கத்பர்ட் வந்தார். கூடவே இன்னும் நாலு பேர் வந்தார்கள். நெவில் அத்தனை பேர் முன்னாலும் மறுபடி சொன்னார். யாரோ கைதட்டினார்கள். லொரேன் சிரிக்கவில்லை. அவர் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல, மடையா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நெவில் காரில் ஏறி, சாவியைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

கவுன்சில் அனுமதி வந்தது. மறு வருஷம் வேலை ஆரம்பமாகி, குளமும் வாய்க்காலும் முதலில் முடிந்தன. அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் பாதி வீடுகளில் குடிவந்துவிட்டார்கள். குளத்தோரம் நாணல் தலைகாட்டியிருந்தது. இரண்டு வாத்துகள் வாடகை இல்லாமல் குடியேறியிருந்தன. நல்ல மழை மட்டும் வரவேயில்லை. நெவில் தினமும் வானிலை பார்த்தார். ஊரே வெயிலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர் மட்டும் புயலுக்கு வேண்டிக்கொண்டார்.

நவம்பரில் வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிந்தும் விடவில்லை. வானொலியில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. நெவில் கோட்டை மாட்டிக்கொண்டு ரேவன்கில்லுக்கு வண்டியை விட்டார். புல் வாய்க்கால்கள் நிறைந்து, கலங்கலாக, ஆனால் அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. குளம் அங்குலம் அங்குலமாக ஏறியது. மதகுக்கு அந்தப் பக்கம் ஓடையில் மெல்லிய ஒரு தாரை மட்டும் விழுந்தது. அவர் போட்ட கணக்கு அவர் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் நின்று, தொப்பியைக்கூடப் போட மறந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததில் மழை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அவரே சொல்ல மாட்டார்.

"ஐயா" என்று பின்னாலிருந்து ஒரு குரல், ரொம்ப மென்மையாக. "என் பேர் ப்ரையனி. எதிர்ல இருக்கிற வீடு. ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

"ஆமா" என்றார் நெவில், திரும்பாமலே.

"எதா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம் ஐயா. கொஞ்சம் பின்னால வாங்க."

நெவில் திரும்பினார். ஆஸ்பத்திரிச் சீருடைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்ட ஒரு செவிலி. இரண்டு கையையும் மெல்ல நீட்டியபடி நின்றிருந்தாள். அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பது அவருக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

"ஐயோ, இல்லம்மா! அதெல்லாம் இல்ல. இதுல குதிச்சா சாக முடியாது. நான் பார்த்திருக்கேன். ஓரத்துல கணுக்கால் அளவு, நடுவுல இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அப்படித்தான் கணக்குப் போட்டேன்."

ப்ரையனியின் முகம் இன்னும் வெளிறியது. "கணக்கெல்லாம் போட்டிருக்கீங்களா?"

"ஆறு தடவை."

அவள் அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. தான் இன்ஜினியர் என்றார். "சரி ஐயா" என்றாள். குளமே தன்னுடையது என்றார்; "சரிதான் ஐயா" என்று இன்னும் இறுக்கினாள். அவளுடைய சமையலறையில் கொண்டுபோய் உட்காரவைத்து, புருஷனின் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா? போன் பண்ணிச் சொல்றேன்" என்றாள்.

நெவில் யோசித்தார். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு நம்பர்தான் மனப்பாடமாக இருந்தது.

போனில் ப்ரையனி தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்வதும், மறுமுனையில் லொரேன் விழுந்து விழுந்து சிரிப்பதும் அவருக்கே கேட்டது. ப்ரையனிக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. இப்படிப்பட்ட குடும்பம் அமைந்தால் மனுஷன் வேறு என்ன செய்வான் என்கிற மாதிரி நெவிலை இரக்கத்தோடு பார்த்தாள்.

கால்மணி நேரத்தில் லொரேன் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தாள். நெவில் போட்டிருந்த கம்பளிச் சட்டையில் பின்னியிருந்த ஒரு கலைமான் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாளு சாகறவன் இல்லம்மா. மழை பெய்ஞ்சா இப்படித்தான் நிப்பான். கல்யாணமான புதுசுல நானும் பயந்திருக்கேன்."

ப்ரையனி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அப்ப நிஜமாவே இது உங்க குளமா?"

"ஆமாம்மா" என்றார் நெவில். "டீ ரொம்ப நல்லா இருக்கு."

லொரேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நெவில் கேட்கலாமா வேண்டாமா என்று டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே சொன்னாள். "காலையிலேருந்து மூணு தடவை கீழ போய்ப் பார்த்தேன். காஞ்சு கிடக்கு. கையை வச்சுப் பார்த்தேன் நெவில், சுவரு காஞ்சு கிடக்கு."

நெவில் டீக்கோப்பையை மேஜையில் வைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே குளம் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் நட்டிருந்த அளவுகோலை இங்கிருந்து பார்க்க முடியுமா என்று நெவில் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். பார்க்க முடிந்தது. அவர் கணக்குப்படி இந்த மழைக்கு எவ்வளவு ஏறவேண்டுமோ, அதைவிட ஒரு சாண் அதிகமாகவே ஏறியிருந்தது.

"என்ன?" என்றாள் லொரேன்.

"ஒண்ணுமில்ல. கலிங்கு வரைக்கும் ஏற இன்னும் நிறைய இடம் இருக்கு. ஆனா நான் போட்டது..."

"தப்பா?"

"கொஞ்சம் தப்பு" என்றார் நெவில். ப்ரையனியிடம் திரும்பி, இந்த வீட்டில் ஒரு குடை கிடைக்குமா, போய்ப் பக்கத்தில் நின்று சரியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் முடியாது என்றார்கள்.